கரிமம், சர்க்கரை, மாவு, மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்களின் வேதியியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாதி மாணவர்கள் கேட்டவை, மீதி அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பெற்றோர்கள் கேட்டவை. வரிசையாகப் படித்தால் நல்லது. அவசரம் என்றால் மரத்தையும் மாவையும் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஆர்கானிக் என்றால் ரசாயன உரம் போடாதது என்றுதானே அர்த்தம்?

கடைப் பொட்டலத்தில் அப்படித்தான். வேதியியலில் அதற்குச் சம்பந்தமே இல்லை. கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களைத்தான் ஆர்கானிக், அதாவது கரிமச் சேர்மம் என்கிறோம்; பெரும்பாலும் அதில் கார்பனோடு ஹைட்ரஜனும் இருக்கும். அந்தக் கணக்கில் பெட்ரோலும் பாலிதீன் பையும் கரிமம்தான். வயலில் அடிக்கக்கூடாது என்கிறார்களே, அந்தப் பூச்சிமருந்துகளிலும் பெரும்பாலானவை கரிமம்தான்! கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் போன்ற சிலவற்றில் கார்பன் இருந்தாலும் பழக்கத்தின் காரணமாகக் கனிமப் பக்கமே வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு பழைய கதை உண்டு. உயிருள்ளவை மட்டுமே இத்தகைய பொருள்களை உண்டாக்க முடியும், அதற்கு ஏதோ ஓர் உயிர்விசை வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெடரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பிலிருந்து யூரியாவைப் பெற்றார். யூரியா சிறுநீரில் இருக்கும் பொருள். சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று தன் ஆசிரியர் பெர்சீலியஸுக்கு உற்சாகமாகக் கடிதம் எழுதினார். உயிர்விசை நம்பிக்கை அன்றைக்கே செத்துவிடவில்லை, மெல்ல மெல்லத்தான் போனது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. இடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

ஏன் எல்லாவற்றுக்கும் கார்பன்?

கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள். அதனால் ஒரே நேரத்தில் 4 பிணைப்புகள் போட முடியும். நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று. நான்கு கை இருப்பவன் இரண்டு பக்கமும் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இரண்டு கையில் வேறு எதையாவது ஏந்திக்கொள்ளலாம். சங்கிலியாக நீளலாம், கிளை விடலாம், வட்டமாக மூடிக்கொள்ளலாம், இரண்டு கைகளால் ஒருவரையே பிடிக்கலாம்.

அந்த நான்கு கைகளும் காகிதத்தில் வரைவதுபோல் சிலுவையாக நீட்டியிருப்பதில்லை. 1874-இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொன்னபடி, அவை ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன. ஒரு கைக்கும் இன்னொன்றுக்கும் இடையே 109.5 டிகிரி. ஒரு களிமண் உருண்டையில் நான்கு பல்குச்சிகளை ஒன்றுக்கொன்று முடிந்தவரை விலகியிருக்குமாறு குத்திப் பாருங்கள், அந்த வடிவம் தானாக வந்துவிடும். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்தவர்களுக்கு மீதிப் பாடம் பாதி சுலபம்.

சிலிக்கானுக்கும் நான்கு கைதானே?

ஆமாம். ஆனால் சிலிக்கானுக்குச் சிலிக்கானோடு கைகோப்பதைவிட ஆக்சிஜனைப் பிடிக்கத்தான் ஆசை அதிகம். விளைவைப் பாருங்கள்: கார்பன் டை ஆக்சைடு வாயு, தண்ணீரில் கரையும், மூச்சில் வெளியேற்றலாம். சிலிக்கன் டை ஆக்சைடு மணல்.

வினைச்செயல் தொகுதி என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எதற்கு?

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சங்கிலி பெரும்பாலும் சோம்பேறி. எரியும், தண்ணீரோடு ஒட்டாது, அவ்வளவுதான். அதில் ஒட்டியிருக்கும் சின்னச்சின்னத் துணுக்குகள்தான் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஈத்தேன் என்ற வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொதிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 89 டிகிரி செல்சியஸ். அதில் ஒரே ஓர் ஆக்சிஜனை நுழைத்து ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் அதைப் பிடித்த ஒரு ஹைட்ரஜனும்) ஆக்கினால் எத்தனால். திரவம், 78 டிகிரியில்தான் கொதிக்கும், தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். ஓர் அணு செய்த வேலை இது.

சர்க்கரைகளுக்கு இரண்டு தொகுதிகள் தெரிந்தால் போதும்: ஹைட்ராக்சில், கார்போனைல். ஒரு கார்பன் ஆக்சிஜனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தால் அது கார்போனைல். புரதத்துக்குப் போகும்போது அமினோவும் கார்பாக்சிலும் வரும், டிஎன்ஏ-வுக்குப் போகும்போது பாஸ்பேட். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாவுச்சத்து, கார்போஹைட்ரேட், சர்க்கரை, ஸ்டார்ச். இவை எல்லாம் ஒன்றா வேறா?

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொற்கள்தான். பத்திரிகைகளில் கார்போஹைட்ரேட்டை மாவுச்சத்து என்று எழுதுகிறார்கள். அதே சொல்லைச் சில புத்தகங்கள் ஸ்டார்ச்சுக்கு வைத்திருக்கின்றன. கார்போஹைட்ரேட் என்பது குடும்பப் பெயர். சர்க்கரைகள், ஸ்டார்ச், செல்லுலோஸ், கைட்டின் எல்லாம் அந்தக் குடும்பத்து உறுப்பினர்கள். பருத்தித் துணியும் கார்போஹைட்ரேட்தான். அதை மாவுச்சத்து என்று சொன்னால் சிரிப்பார்கள். இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்குக் கார்போஹைட்ரேட் என்றும், ஸ்டார்ச்சுக்கு மட்டும் மாவு என்றும் எழுதுகிறேன்.

கார்போஹைட்ரேட் என்றால் கரியும் நீரும் சேர்ந்தது என்கிறார்கள். உண்மையிலேயே உள்ளே தண்ணீர் இருக்கிறதா?

முதலில் ஒரு பழைய கரண்டியில் கொஞ்சம் சர்க்கரையை வைத்துச் சிறு தீயில் காட்டிப் பாருங்கள். (வீட்டில் சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், உருகிய சர்க்கரை கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.) ஓரத்தில் உருகி, தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அப்போது ஒரு நல்ல வாசனை வரும். இன்னும் சூடாக்கினால் நுரைத்துப் பொங்கும், வாசனை காந்தலாக மாறும். அந்த நேரத்தில் குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றை மேலே தூக்கிப் பிடித்தால் அதில் ஈரம் பூக்கும். கடைசியில் கரண்டியில் மிஞ்சுவது கறுப்பாக, பொக்கையாக, கரி.

பழைய வேதியியலாளர்கள் பார்த்ததும் இதைத்தான். குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருப்பதுபோலவே இரண்டுக்கு ஒன்று. ஆகவே நீர் சேர்ந்த கரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் உள்ளே ஒரு தண்ணீர் மூலக்கூறுகூடக் கிடையாது. சூடு பிணைப்புகளை உடைத்த பிறகுதான் அந்த அணுக்கள் தண்ணீராகச் சேர்கின்றன.

இந்த விகிதத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கவும் முடியாது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் இதே இரண்டுக்கு ஒன்று விகிதம்தான், ஆனால் அது சர்க்கரை இல்லை. டிஎன்ஏ-வில் உள்ள டிஆக்சிரைபோஸ் சர்க்கரைதான், ஆனால் அதில் ஓர் ஆக்சிஜன் குறைவு.

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கேலக்டோஸ் மூன்றுக்கும் ஒரே வாய்பாடு போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை. யூரியா கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் அதே 24 அணுக்கள்தான். இப்படிப்பட்டவற்றை மாற்றியங்கள் என்கிறோம். குளுக்கோஸில் கார்போனைல் சங்கிலியின் நுனியில், முதல் கார்பனில் இருக்கிறது. ஃபிரக்டோஸில் இரண்டாவது கார்பனில். இந்த ஒரு படி நகர்வில் ஃபிரக்டோஸ் குளுக்கோஸைவிடக் கூடுதலாக இனிக்கும், தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும்.

தேன் பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்து கிடப்பதைக் கலப்படம் என்று நினைத்துத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. பாவம் அந்தத் தேன்! அதில் பிரதானமாக இருப்பவை இந்த இரண்டு சர்க்கரைகள்தான். குறைவாகக் கரையும் குளுக்கோஸ் படிகமாக அடியில் இறங்கிவிடுகிறது, ஃபிரக்டோஸ் திரவத்திலேயே தங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் திரும்ப இளகும்.

கேலக்டோஸ் விஷயம் இன்னும் நுணுக்கம். அதில் கார்போனைல்கூட இடம் மாறவில்லை. நான்காவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். குளுக்கோஸின் நேர்சங்கிலி வடிவில் இப்படி இரண்டு விதமாகத் திரும்பி நிற்கக்கூடிய கார்பன்கள் நான்கு உண்டு. ஆகவே மொத்தம் 16 வகைகள் சாத்தியம். அவற்றில் குளுக்கோஸ் எது என்பதை 1891-இல் எமில் ஃபிஷர் தீர்த்துவைத்தார். மூலக்கூறுகளைக் காட்டும் கருவி எதுவும் அன்று கிடையாது. வினைகளின் விளைவுகளை வைத்துத் தர்க்கத்தாலேயே கண்டுபிடித்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பக்கத்தில் குளுக்கோஸை நீளக் கோடாக வரைகிறார்கள், அடுத்த பக்கத்தில் அறுகோணமாக. எது சரி?

இரண்டுமே. ஆனால் தண்ணீரில் போட்டால் நீளமாக நிற்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தாவது கார்பனின் ஹைட்ராக்சில் வளைந்து வந்து முதல் கார்பனைப் பிடித்து வளையமாக மூடிக்கொள்ளும். மூடும்போது முதல் கார்பனில் புதிதாக ஒரு ஹைட்ராக்சில் உண்டாகிறது. வழக்கமான படத்தில் அது கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. வளையம் திறந்து மூடிக்கொண்டே இருப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஆல்ஃபா சுமார் 36, பீட்டா சுமார் 64 சதவீதம் என்று நிலைபெறும்.

இந்த மேல், கீழ் விவகாரம் தேர்வுக்காகக் கண்டுபிடித்த தொல்லை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். கொஞ்சம் பொறுங்கள், மரத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம்.

குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, ஃபிரக்டோஸ் 180. இரண்டும் சேர்ந்த சுக்ரோஸ் ஏன் 360 இல்லை?

342-தான். காணாமல் போன 18-ஐ உற்றுப் பாருங்கள், அது ஒரு தண்ணீர் மூலக்கூறின் எடை. இரண்டு சர்க்கரைகள் கைகோக்கும்போது ஒரு தண்ணீர் வெளியே போகிறது. பிரிக்க வேண்டுமானால் அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் நீராற்பகுத்தல். செரிமானம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுவே. புரதமும் இப்படித்தான் கோக்கப்படுகிறது, இப்படித்தான் பிரிகிறது.

அதேபோல் இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தால் மால்டோஸ், குளுக்கோஸும் கேலக்டோஸும் சேர்ந்தால் பாலில் உள்ள லாக்டோஸ்.

பெனடிக்ட் கரைசலில் குளுக்கோஸ் செங்கல் நிறம் தருகிறது, வீட்டுச் சர்க்கரை ஏன் தருவதில்லை?

அந்த நீலக் கரைசலில் இருப்பது தாமிர அயனி. திறந்துகொள்ளக்கூடிய வளையமுள்ள சர்க்கரை, சூட்டில் அதை ஒடுக்கிச் சிவப்புத் தாமிர ஆக்சைடாக்கும். சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாவது கார்பனும் ஒன்றையொன்று பிடித்துப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த வளையமும் திறக்காது, நீலம் நீலமாகவே இருக்கும். சிறிது நீர்த்த அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, அமிலத்தைச் சரிக்கட்டிவிட்டு மறுபடி சோதித்தால் நிறம் வரும்; பூட்டு உடைந்துவிட்டது.

பால் குடித்தால் சிலருக்கு மட்டும் ஏன் வயிறு உப்புகிறது?

லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. வெட்டப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம், வாயு நமக்கு. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதி ஏற்கெனவே புளித்துப் போயிருப்பதால் பலருக்கு அது ஒத்துக்கொள்ளும்.

மாவும் மரமும் ஒரே குளுக்கோஸால் ஆனவை என்றால், நாம் ஏன் காகிதத்தைச் சாப்பிட்டு உயிர் வாழ முடியாது?

கேட்க வேண்டிய கேள்வி இது. மாவும் செல்லுலோஸும் குளுக்கோஸ் மட்டுமே கோத்த சங்கிலிகள். இரண்டிலும் முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நான்காவது கார்பனைப் பிடித்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: மாவில் அந்தப் பிணைப்பு ஆல்ஃபா, செல்லுலோஸில் பீட்டா. மேலே சொன்னேனே, ஒரு ஹைட்ராக்சில் கீழே பார்க்கிறதா மேலே பார்க்கிறதா என்று, அதேதான்.

ஆல்ஃபாவாகக் கோத்தால் ஒவ்வொரு குளுக்கோஸும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் திரும்பும். சங்கிலி சுருண்டு, சுழல் படிக்கட்டுபோல் ஆகும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ். தளர்வான அமைப்பு, தண்ணீரும் நொதியும் உள்ளே புக இடம் உண்டு. பீட்டாவாகக் கோத்தால் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் தலைகீழாகப் புரண்டு உட்காரும். புரட்டல்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் சங்கிலி நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒன்றின் ஹைட்ராக்சில் இன்னொன்றின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஒரு பிணைப்பு பலவீனமானதுதான். ஆயிரக்கணக்கில் சேரும்போது கயிறாகிவிடுகிறது. பருத்தி இழையில் சுமார் 90 சதவீதம் இதுதான், மரத்தில் ஏறக்குறைய பாதி.

எச்சிலில் இருக்கும் அமைலேஸ் நொதியின் குழிவு ஆல்ஃபா பிணைப்புக்கென்றே வார்த்தது. பீட்டா அதில் பொருந்தாது. ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், லேசான இனிப்பு தட்டும். மாவு வாயிலேயே மால்டோஸாக உடையத் தொடங்கிவிட்டது. பஞ்சை எவ்வளவு நேரம் மென்றாலும் பஞ்சுதான். மாடும் தானாகச் செல்லுலோஸைச் செரிப்பதில்லை, அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்துகொடுக்கின்றன. கரையான்கள் பலவற்றுக்கும் இப்படிக் குடியிருப்பவர்களின் உதவி உண்டு.

இந்த இரட்டையர் கதையின் இரு முனைகளிலும் ஒரே மனிதர் நிற்கிறார் என்பது எனக்கு வியப்பு. மாவை உடைக்கும் நொதியை 1833-இல் பெர்சோவோடு சேர்ந்து பிரித்தெடுத்தவர் ஃபிரான்ஸைச் சேர்ந்த அன்செல்ம் பாயென். ஐந்து வருடம் கழித்து, 1838-இல், செடிகளிலிருந்து செல்லுலோஸை இனங்கண்டவரும் அவரே.

அயோடின் பட்டால் மாவு ஏன் நீலக்கறுப்பாகிறது?

அந்தச் சுழல் படிக்கட்டின் நடுவே ஒரு குழாய்போன்ற வெற்றிடம் இருக்கிறது. அயோடின் அதற்குள் வரிசையாகப் போய் அமர்ந்துகொள்கிறது. அப்படி அமரும்போது ஒளியை உறிஞ்சும் விதம் மாறி நீலம் தெரிகிறது. நிற்க, சோதனைக் குழாயைச் சூடாக்குங்கள். சுழல் குலைந்து அயோடின் வெளியே வர, நீலம் மறைந்துவிடும். அப்படியே ஆறவிட்டால் திரும்ப வரும். செல்லுலோஸில் சுழலே இல்லை, அதனால் வெறும் அயோடினுக்கு இந்த நீலமும் இல்லை. நம் உடம்பு குளுக்கோஸைக் கோத்துச் சேமிக்கும் வடிவமான கிளைக்கோஜனில் கிளைகள் அதிகம், நீண்ட சுழலுக்கு இடமில்லை. அது செம்பழுப்பாக மட்டுமே மாறும்.

குளுக்கோஸைக் குளுக்கோஸாகவே உடம்பு சேமித்து வைக்கலாமே?

வைத்தால் செல் வெடித்துவிடும். கரைந்த துகள்களின் எண்ணிக்கை கூடினால் தண்ணீர் உள்ளே பாயும். அது சவ்வூடு பரவல். பல்லாயிரம் குளுக்கோஸைக் கோத்து ஒரே கிளைக்கோஜன் துகளாக்கினால் எண்ணிக்கை ஒன்றுதான், சிக்கல் தீர்ந்தது. அதில் சுமார் 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. மாவின் கிளைத்த பகுதியில் 24 முதல் 30-க்கு ஒன்று. ஓடவேண்டிய நேரத்தில் எல்லாக் கிளை நுனிகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டி எடுக்கலாம், ஆகவே ஓடுகிற பிராணிக்குக் கிளை அதிகம். நின்ற இடத்தில் நிற்கும் செடிக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

இரத்தத்தில் இருப்பது எவ்வளவு தெரியுமா? 5 லிட்டர் இரத்தம், 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 4.5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை.

பழத்தில் உள்ள சர்க்கரையும் டப்பாவில் உள்ள சர்க்கரையும் வேறுவேறா?

மூலக்கூறு அளவில் வேறல்ல. பழத்துச் சுக்ரோஸும் டப்பாச் சுக்ரோஸும் ஒன்றே. பழத்தில் அதைச் சுற்றி நாரும் தண்ணீரும் இருக்கின்றன, மெல்ல வேண்டியிருக்கிறது, குறைவாகவே உள்ளே போகிறது. அந்த நார் என்பதும் பெரும்பாலும் கார்போஹைட்ரேட்தான். நம் நொதிகளால் வெட்ட முடியாத வகை.

சக்தி கொடுப்பதைத் தவிர சர்க்கரைக்கு வேறு வேலை உண்டா?

நிறைய. ஆர்என்ஏ, டிஎன்ஏ இரண்டின் முதுகெலும்பிலும் ஐந்து கார்பன் சர்க்கரை இருக்கிறது. வண்டின் ஓடும் காளானின் செல்சுவரும் கைட்டினால் ஆனவை. அது செல்லுலோஸின் தம்பி, அதே பீட்டா பிணைப்பு, இரண்டாவது கார்பனில் மட்டும் நைட்ரஜன் உள்ள ஒரு துணுக்கு.

ஆனால் உங்களுக்கு மிக நெருக்கமானது உங்கள் இரத்த வகை. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனித இரத்தத்தை வகை பிரித்தபோது, அவர் பிரித்தது சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைக் கொத்துகளை என்பது அவருக்கே தெரியாது. ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவான ஒரு கொத்து உண்டு. அதன் நுனியில் கேலக்டோஸ் ஒன்று கூடுதலாக ஒட்டினால் பி வகை. அதே கேலக்டோஸின் இரண்டாவது கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் நைட்ரஜன் துணுக்கு இருந்தால் ஏ வகை. இரண்டு விதமும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டவில்லை என்றால் ஓ. ஓ வகைக்காரர்களில் பெரும்பாலோருக்கு, சர்க்கரையை ஒட்டவேண்டிய நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. நொதி பாதியிலேயே நின்றுவிடுகிறது, கொத்து மொட்டையாகவே இருந்துவிடுகிறது.